காயாத தரை

மழை விட்ட ஒரு மாலையில், கையில் துடைப்பமும் வாளியுமாக மகள் தன் அப்பாவின் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் அம்மாவையும் குழந்தையையும் கூட்டிவந்து குடியேற வேண்டும். அதற்குள் கூட்டித் துடைத்து வைத்துவிடலாம் என்று தையல் கடையில் வேலை முடிந்த கையோடு நேராக வந்துவிட்டாள். கணவன் லாரியோடு வெளியூர் போயிருந்தான்.

அதுவரை அங்கே வாடகைக்கு இருந்தவர்கள் சாமான்களை வண்டியில் ஏற்றி முடித்திருந்தார்கள். குடியிருந்த பெண் சாவியைக் கொடுத்துவிட்டும் நகராமல் நின்றாள்.

"ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்கக்கா."

"பின் ரூமை நாங்க பூட்டியேதான் வெச்சிருந்தோம். சாயங்காலமானா தட்டுற சத்தம் கேக்கும்."

"கதவையா?"

"கதவைத் தட்டினா யாருன்னு கேட்டிருக்க மாட்டோமா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "தரையைத் தட்டுதும்மா. உள்ள இருந்து."

வண்டி கிளம்பிப் போனது. தெருமுனையில் அதன் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகு, கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

கண்ணுகளா, பின் அறைக்குப் போவதற்கு முன்னால் அந்த வீட்டுக்காரரான அவள் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆள் யாரென்று தெரியாமல் பயப்படுவது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை.

அவர் பட்டாளத்திலிருந்து திரும்பியவர். சண்டையில் கண்ணிவெடி தேடும் வேலை அவருக்கு. வயிறு மண்ணில் பதியப் படுத்து, மெல்லிய கம்பியால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்து, அங்குலம் அங்குலமாக முன்னே ஊர்ந்து போக வேண்டும். அவர் ஊர்ந்து போன தடம்தான் மற்றவர்களுக்கு வழி. வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் அங்கேதான் போயின. யாராவது கேட்டால், "ரெண்டு பேரை அங்க காவலுக்கு விட்டுட்டு வந்திருக்கேன்" என்று சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

ஊருக்கு வந்ததும் தரைக்கு டைல்ஸ் பதிக்கும் வேலையைக் கற்றுக்கொண்டார். மூன்று விரல்களால் கரண்டியைப் பிடித்தே பெயர் வாங்கினார். கரண்டிக் காம்பால் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்ப்பார். அடியில் கலவை நிறைந்திருந்தால் 'டொக்' என்று வரும். வெற்றிடம் இருந்தால் 'டொப்' என்று வரும். 'டொப்' என்று வந்த கல்லை எடுத்துவிட்டு மறுபடி பதிப்பார். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத தரையில் பிறத்தியாரை நடக்கவிட அவரால் முடியாது.

ஆனால் அவர் வேலையில் ஒரு கோணல் உண்டு. டைல்ஸ் போடுகிறவர்கள் எல்லாரும் அறையின் உள்மூலையில் ஆரம்பித்து, பின்னாலேயே நகர்ந்து வந்து, வாசலில் முடிப்பார்கள். முடித்ததும் எழுந்து வெளியே வந்துவிடலாம். இவர் வாசலில் ஆரம்பித்து உள்ளே போவார். பின்னால் நகர்ந்தால் கை நடுங்குகிறது என்பார். முன்னே போய்த்தான் பழக்கம். அதனால் வேலை முடியும்போது சுற்றிலும் ஈரத் தரை, நடுவில் போக வழியில்லாமல் கடைசி மூலையில் இவர்.

கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர்தான் 'மூலைக்காரர்'.

"என்ன மூலைக்காரரே, இன்னைக்கு வீட்டம்மா வரலேன்னா விடிய விடிய அங்கதானா?"

"அவ வருவாய்யா. நீ உன் வேலையைப் பாரு."

மனைவியும் வந்துவிடுவாள். பொழுது சாயும் நேரத்துக்கு, அவர் எந்தக் கட்டடத்தில் இருந்தாலும் போய், சாரத்துக்குப் போடுகிற நீளப் பலகையை நிலைப்படியிலிருந்து உள்ளே தள்ளுவாள். அவர் அந்த முனையைப் பிடித்து, கூடவே வைத்திருக்கும் செங்கல் மேல் உட்கார வைப்பார். பலகை ஈரத்தில் படாமல் பாலம் போல நிற்கும். அவர் அதன்மேல் ஏறித் திரும்பி, அதுவரை தான் உட்கார்ந்திருந்த இடத்தில் கடைசிக் கல்லைப் பதிப்பார். பிறகு மனைவி, "வாங்க" என்று கூப்பிட்டு வலது கையை நீட்டுவாள். அவர் நடந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் இறங்கி, "வந்தாச்சு" என்பார். அதைச் சொன்ன பிறகுதான் கையை விடுவார். கூப்பிடாமல் ஒருநாளும் எழுந்ததில்லை. சின்ன வயதில் மகளும் அம்மாவோடு போய்க் கூப்பிட்டிருக்கிறாள். அந்த மூன்று விரல் பிடி அவளுக்கு நன்றாகத் தெரியும். கட்டை விரல் ஒரு பக்கம், இரண்டு விரல் மறுபக்கம். இடுக்கி மாதிரி இருக்கும், ஆனால் வலிக்காது.

ஊரெல்லாம் அவர் போட்ட தரை. பள்ளிக்கூடம், மருத்துவமனை, கடைகள். சொந்த வீட்டில் மட்டும் வெறும் சிமெண்ட்.

"ஊருக்கெல்லாம் முகம் பாக்கிற மாதிரி போடுறீங்க. இங்க என் கால் வெடிப்பு எது, தரை வெடிப்பு எதுன்னு எனக்கே தெரியல."

"உன் கால்ல வேணா கொஞ்சம் வெள்ளை சிமெண்ட் பூசி விடட்டுமா?"

இப்படியே வருஷங்கள் ஓடின. விடியுமுன் கிளம்புவார், இருட்டிய பின் வருவார், வந்ததும் மகளின் செருப்பில் வார் அறுந்திருந்தால் அதைத் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். கடைசியில் மகள் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தபோதுதான், குழந்தை தவழ வேண்டுமே என்று பின் அறைக்குத் தரை போட உட்கார்ந்தார்.

அன்று மத்தியானமே மகளுக்கு வலி வந்துவிட்டது. மனைவி ஓடிவந்து பின் அறை வாசலில் நின்றாள். அவர் அதற்குள் பாதி அறையைத் தாண்டியிருந்தார்.

"நாங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறோம். சாயங்காலம் வந்து பலகை போடுறேன். சரியா?"

"நீ போ. நான் எங்க போயிடப் போறேன்?"

பிரசவம் இழுத்துக்கொண்டே போனது. அம்மா அன்று இரவு முழுக்க மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடந்தாள். அந்தத் தரையும் அவர் போட்டதுதான். பலகை அவள் நினைவுக்கு வந்தபோது விடிந்து, பேத்தி பிறந்துவிட்டிருந்தாள். மருமகன் ஓடிப்போய்ப் பார்த்தான்.

அவர் மூலையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சு வலித்திருக்கும் என்றார்கள். நாலு எட்டு வைத்திருந்தால் வாசலுக்கு வந்து தெருவில் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். தரை அதற்குள் காய்ந்துவிட்டிருந்தது. அதில் ஒரு கால் தடம்கூட இல்லை.

தூக்க வந்தவர்கள் அந்தத் தரைமேலேயே நடந்துபோய் அவரைத் தூக்கி வந்துவிட்டார்கள்.

பலகையை யாரும் போடவில்லை. அவரை யாரும் கூப்பிடவில்லை.

இனி உள்ளே போவோம். என் பக்கத்தில் நெருங்கி உட்காருங்கள்.

மகள் முன்கூடத்தையும் சமையலறையையும் கூட்டி முடித்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. பின் அறையின் பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. கொஞ்ச நேரம் மல்லாடித்தான் திறந்தாள். கதவு உள்ளே போனதும் முகத்தில் வந்து மோதியது ஒரு வாடை. அவள் சிறுவயது முழுக்க அப்பாவின் சட்டையில் முகர்ந்த வாடை.

ஈர சிமெண்ட்.

ஒரு வருஷத்துக்கு மேலாகப் பூட்டிக் கிடந்த அறை அது. மழை ஒழுகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுவிட்சைப் போட்டாள். பல்பு எரியவில்லை. வாசல் வழியாக வந்த சாம்பல் வெளிச்சத்தில் தரை பளபளவென்று கிடந்தது. கடைசி மூலையில் மட்டும் ஒரு கல் அளவுக்குச் சதுரமாக இருட்டு. அவர் உட்கார்ந்திருந்த இடம். பதிக்காத அந்தக் கடைசிக் கல் சுவரில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் செங்கல்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தாள்.

கல் அசைந்தது.

அடியில் கலவை இன்னும் இறுகாதபோது மிதித்தால் எப்படி அமுங்குமோ, அப்படி அமுங்கியது. வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். கால் விரல்களில் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் பால் ஒட்டியிருந்தது. குளிர்ந்திருந்தது.

மூலையிலிருந்து சத்தம் வந்தது.

டொக். டொக்.

அது அவளுக்குத் தெரிந்த சத்தம். வேலை முடிந்தது, பலகை கொண்டுவா என்று அப்பா கரண்டிக் காம்பால் தட்டுகிற தட்டு.

"அப்பா?"

மூலையில் எதுவும் தெரியவில்லை. ஆனால் ஆளில்லாத இடம் இப்படிக் காத்துக்கொண்டிருக்காது.

ஓடிவிடலாம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. கால் திரும்பியும்விட்டது. ஆனால் வாசலைத் தாண்ட மனம் வரவில்லை. அவள் பிள்ளை தவழப் போகிற தரையைக் கெடுக்க மனமில்லாமல்தானே அவர் அந்த மூலையிலேயே இருந்துவிட்டார்? இவள் இப்போது ஓடினால் அவருக்கு வேறு யார் வருவார்கள்?

பலகை கொல்லைச் சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. மழையில் ஊறிக் கனத்தது. இழுத்துவந்து நிலைப்படியில் வைத்து உள்ளே தள்ளினாள். பாதிக்கு மேல் போனதும் முன்பக்கம் பாரம் தாங்காமல் கீழே சாய வேண்டும். சாய்ந்து தரையில் மோத வேண்டும்.

மோதவில்லை.

அந்த முனையை யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

மெதுவாக, சத்தமில்லாமல், பலகை செங்கல் மேல் உட்கார்ந்தது.

அவள் கூப்பிட்டாள்.

"அப்பா... வாங்க."

கூப்பிட்டுவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டு, வலது கையை நீட்டினாள்.

பலகை முனகியது. ஒரு காலடி. நீண்ட இடைவெளி. காலை இழுத்து இழுத்து வருகிற மாதிரி இன்னொரு காலடி. நடுப்பகுதி வளைந்ததை அவள் நிலைப்படியில் ஊன்றிய பாதத்தால் உணர்ந்தாள். சிமெண்ட் வாடைக்கு நடுவே வேறு ஒரு வாடை வந்தது. வெயிலில் காய்ந்த மண்ணும், கருகிய புல்லும்.

ஒரு கை அவள் மணிக்கட்டைப் பற்றியது.

ஐஸ் மாதிரி இருந்தது. நடுங்கிக்கொண்டிருந்தது. அவளைப் பிடித்துக்கொள்ளும்போது அப்பாவின் கை ஒருநாளும் நடுங்கியதில்லை.

பிடி தளர்ந்தது. "வந்தாச்சு" என்ற குரலுக்காக அவள் காத்திருந்தாள். குரல் வரவில்லை. காதோரம் ஒரு மூச்சு மட்டும் கடந்து, கூடத்தைக் கடந்து, வாசலைக் கடந்து போனது. தெருக்கதவு தானாக ஆடி நின்றது.

அவள் கண்ணைத் திறந்தாள். அப்பாடா என்று அவள் மூச்சு விட்ட அதே நேரத்தில், மூலையிலிருந்து மறுபடி.

டொக். டொக்.

அவள் ஓடினாள். பூட்டவில்லை, செருப்பும் போடவில்லை.

அப்பா போன பிறகு அந்த வீட்டில் இருக்க மனமில்லாமல் அவர்கள் குடிபோயிருந்த வாடகை வீட்டில் அம்மா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். மகள் மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா அலறவுமில்லை, பேய் பிசாசு என்று பேசவுமில்லை. குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு வந்தாள்.

"உன் கையைக் காட்டு."

மணிக்கட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் விரல் தடம் பதிந்திருந்தது. அம்மா விளக்கடிக்கு இழுத்துப்போய், அதன்மேல் தன் விரலை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். கட்டை விரல். ஆட்காட்டி விரல். நடுவிரல்.

இன்னும் தடம் மிச்சமிருந்தது.

மோதிர விரல். சுண்டுவிரல்.

"இது உங்கப்பா இல்லடி," என்றாள் அம்மா.

மகள் கையை இழுத்துக்கொண்டாள். "அப்ப யாரும்மா அது? நான் யாரைக் கூப்பிட்டேன்?"

அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"சண்டையில அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தான். இவர் முன்னாடி வழி பாத்துட்டுப் போவாரு, அவன் பின்னாடியே வருவான். ஒரு நாள் அவனுக்குக் கால்ல அடி. இடிஞ்ச சுவர் மூலையில அவனை உக்கார வெச்சு, 'அசையாதே, வழி பாத்துட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்'னு சொல்லிட்டு இவர் போனாராம். போன இடத்துல வெடிச்சுது. விரல் போச்சு. கண்ணு முழிச்சப்ப ஆஸ்பத்திரியில இருந்தாரு. எல்லாரும் பின்வாங்கி வந்துட்டாங்க. அந்த மூலைக்கு யாரும் போகல."

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"எனக்கே ஒரே ஒரு தடவைதான் சொன்னாரு. 'ஒவ்வொரு ரூம்லயும் நான் அந்த மூலைக்குத்தான் போறேன். போயிப் பாத்தா அவன் இல்ல'ன்னாரு." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இந்தத் தடவை இருந்திருக்கான். அதான் நீ பலகை போட்டதும் அவனை முன்னாடி அனுப்பிட்டாரு. தான் பின்னாடி வரலாம்னு உக்காந்திருக்காரு."

மறுநாள் பகலிலேயே போகலாம் என்று மகள் எவ்வளவோ சொன்னாள். அம்மா கேட்கவில்லை.

"சாயங்காலம் வர்றேன்னுதான் அவர்கிட்ட சொன்னேன்."

பொழுது சாயும் நேரத்துக்குப் போனார்கள். குழந்தை மகளின் இடுப்பில் இருந்தது. பின் அறைக் கதவு திறந்தே கிடந்தது. பலகையும் நேற்றுப் போட்டபடியே கிடந்தது. அம்மா அதை இழுத்து வெளியே எடுத்தாள்.

"கூப்பிடறவங்கதான் போடணும்."

முழங்கால் வலிக்காரி, ஒருவர் உதவியும் வாங்காமல் அந்தக் கனத்த பலகையைத் தானே உள்ளே தள்ளினாள். முனை அந்தரத்தில் நின்றது. மெல்ல உட்கார்ந்தது. அதைப் பார்த்ததும் அம்மாவின் உதடு கோணியது. ஆனால் வந்தது திட்டுதான்.

"எவ்வளவு நேரம் உக்காந்திருப்பீங்க? வேற யாரையும் கூப்பிட வாய் இல்லையா? தரை போனா போயிட்டுப் போகுது, மேல ஏறி நடந்து வந்திருந்தா நான் என்ன சொல்லப் போறேன்? மறுபடி போட்டுக்க மாட்டோமா?"

அவள் பலகையின் இந்த முனையைக் காலால் அழுத்திக்கொண்டாள்.

"பேத்தி நடக்கவே ஆரம்பிச்சிட்டா. போதும். வாங்க."

மூலையில் கலவையைக் கரண்டி வழிக்கும் சத்தம் கேட்டது. கல் சுவரில் உரசி நகர்ந்தது. பிறகு தட்டு.

டொப்.

சத்தம் நின்றது. கல் எடுபட்டது. கலவை மறுபடி பரவியது. கல் மறுபடி உட்கார்ந்தது.

டொக்.

மகளின் இடுப்பிலிருந்த குழந்தை அந்தத் திசையைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது.

பலகை வளைந்தது. நொண்டாத, அவசரப்படாத காலடிகள். ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கிட்டத்தில். அம்மா கண்ணை மூடவில்லை. கையை நீட்டியபடி நின்றாள். மகள் பார்த்துக்கொண்டிருந்தபோதே அம்மாவின் மணிக்கட்டில் தோல் குழிந்தது. ஒரு பக்கம் ஒரு குழி. மறுபக்கம் இரண்டு.

"இவர்தான்," என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள், 'வந்தாச்சு' என்ற அந்த ஒரு சொல்லுக்காக. இருட்டியது. குழந்தை தோளில் தூங்கிப்போனது. எதிர்வீட்டில் விளக்கு எரிந்து அணைந்தது. சொல் வரவில்லை.

காலையில் பார்த்தார்கள். மூலையில் கடைசிக் கல் பதிந்திருந்தது. ஓரத்தில் பிதுங்கிய கலவை அப்போதும் ஈரமாக இருந்தது.

அன்றோடு அந்த அறையில் தட்டுகிற சத்தம் இல்லை. தரை இறுகிவிட்டது. குழந்தை அதில் ஓடியாடி விழுந்து எழுந்தாள். மகளும் பயம் தெளிந்து, தையல் மெஷினைக்கூட அங்கேயே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டாள். அம்மாவும் நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் வலது கையை உடம்போடு ஒட்டி வைப்பதில்லை. நடக்கும்போது சற்று விலக்கியே வைத்துக்கொள்வாள், யாரையோ கூட்டிக்கொண்டு போகிற மாதிரி. கதவு வழியாக நுழையும்போது ஒதுங்கி நின்று இடம் விடுவாள். படுக்கும்போது அந்தக் கை கட்டிலுக்கு வெளியே நீண்டிருக்கும். மகள் எடுத்து உள்ளே வைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி வெளியே போயிருக்கும்.

ஒரு நாள் தலைசுற்றல் என்று அம்மாவை அந்த மருத்துவமனைக்கே கூட்டிப்போனாள் மகள். இளவயது நர்ஸ் ஒருத்தி ரத்த அழுத்தம் பார்க்க வலது கையில் பட்டையைச் சுற்றினாள். மணிக்கட்டைப் பிடித்தவள் சட்டென்று தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். அவற்றில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஈரமாக ஒட்டியிருந்தது.

"பாட்டி, கை ரொம்ப இறுக்கமா இருக்கு. எதையோ பிடிச்ச மாதிரியே வெச்சிருக்கீங்க. கொஞ்சம் விடுங்க."

அம்மா தன் கையைத் திருப்பி விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் ஒன்றும் இல்லை. மணிக்கட்டில் மட்டும், ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் இரண்டுமாக, தோல் குழிந்து கிடந்தது.

"நான் எப்பவோ விட்டுட்டேன்மா," என்றாள் அம்மா. "அவர்தான் இன்னும் விடல."